பதிவறைச் சாவி

ம்வான்சா ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
பழைய பதிவேடுகள் கிடக்கும் அறைக்கு
நான்தான் காவல்.
நாலாம் படிவம் தேறாதவன்.
ஆனாலும் டாக்டராகப் போகிறவளை
வாசலிலேயே நிறுத்திவைக்க
ஒரு சாவி போதுமாயிருந்தது.

கபுலா. நாலாம் ஆண்டு.
வெள்ளைக் கோட்டுப் பையில் மை கசிந்த கறை.
"ரத்த வாந்தியோடு வந்த மீனவர்கள்,
மூன்று வருடக் கணக்கு வேண்டும்" என்றாள்.
எதற்கு?
"பௌர்ணமியை ஒட்டித்தான் அதிகம் வருகிறார்கள்.
அப்படித் தோன்றுகிறது.
எண்ணிப் பார்க்கணும்."
கடிதம் இருக்கிறதா, எண் போட்ட கடிதம்?
இல்லை.
அப்படியானால் இல்லை.

எண் கிடைக்க நெறிக்குழு கூடணும்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும்,
தலைவர் ஊரில் இருந்தால்.
குழுவுக்குப் போக வழிகாட்டியின் கையெழுத்து.
டாக்டர் ருவேகசிராவுக்கு நூற்றுப் பத்துப் படுக்கை,
மாலையில் சொந்த கிளினிக்.
"நிலாவா? ஜோசியம் படிக்கிறாயா?" என்று
சிரித்துக்கொண்டே படியேறிப் போனாராம்.
ஏழாவது முறை, லிஃப்ட் பழுதான ஒரு நாளில்,
மூச்சு வாங்க நின்ற இடத்தில்
சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பக் கட்டணம்
அவளுக்கு இரண்டு மாதச் சாப்பாட்டுக் காசு.
கட்டினாள். எப்படி என்று நான் கேட்கவில்லை.
மரவள்ளி வறுவல் கடையின் கடன் அட்டையில்
அவள் பெயருக்கு நேரே கோடுகள் ஏறிக்கொண்டிருந்தன.

எங்கள் ஏரியைப் பற்றி
எங்கோ குளிரில் உட்கார்ந்து எழுதிய கட்டுரை ஒன்று.
திறக்க நாற்பது டாலர் கேட்டது.
சுருக்கம் மட்டும் இலவசம்,
ஹோட்டல் வாசலில் வாசனை இலவசம் என்பதுபோல.
புள்ளியியல் தெரியுமா என்று கேட்டேன், வம்புக்கு.
"இரண்டாம் ஆண்டில் இரண்டு மணி நேரம் நடத்தினார்கள்.
அதில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை."

விண்ணப்பம் திரும்பி வந்தது.
ஓரத்தில் சிவப்பு மையில்:
நிலா – வரையறுக்கவும்.

என் மேசைமேல் வைத்தாள்.
நான் சிரித்துவிட்டேன்.
கரையில் பிறந்தவன் நான்.
டகா மீனுக்கு இருட்டு வேண்டும்.
இருட்டில் படகுதோறும் விளக்கேற்றினால்
ஏரிக்குள் ஓர் ஊர் எழுந்து நிற்கும்;
விளக்கைத் தேடி மீன் வரும்.
நிலா காய்கிற வாரம் வலையும் காயும்.
ஆண்கள் கரையில் இருப்பார்கள்.
அப்போதுதான் அவர்களுக்கு
வயிறு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.
ரத்தம் முந்தியே வந்திருக்கும்.
தண்ணீரில் துப்பிவிட்டு
வலையை இழுத்திருப்பார்கள்.

"இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
"தெரியும்.
யாரும் எண்ணியதில்லை."

என் அண்ணன் பெயரும் உள்ளேதான் இருக்கிறது.
எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்தப் பக்கம்,
எல்லாம் தெரியும் எனக்கு.
சாவி இடுப்பில் இருந்தது.
நான் அதைச் சொல்லவில்லை.
கதவையும் திறக்கவில்லை.
வேலை போய்விடும் என்பது ஒரு காரணம்.
அது ஒன்றே காரணம் என்று
இப்போது எழுத வரவில்லை.

மழை வந்தது. பரீட்சை வந்தது.
கூரைக் குழாய் ஒழுகி
தெற்கு அலமாரியின் ஏடுகள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
எண் போட்ட கடிதம் வந்து சேர்ந்தபோது
அவள் கெய்டாவில் பயிற்சி டாக்டர்.

கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினேன்.
அந்த இரவே அறையைத் திறந்து,
ஒட்டிய தாள்களை ஸ்கேல் நுனியால்
ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.
தேதிகள் பாதி எதிர்ப்பக்கத்துக்குப் போயிருந்தன.

நள்ளிரவு தாண்டி பதில் வந்தது:
"முப்பது மணி நேரமா தூங்கலை.
வார்டுல ஜன்னல் கிடையாது.
இன்னிக்கு பௌர்ணமியா, பாத்து சொல்லு.
ரெண்டு பேர் வந்திருக்காங்க."

வெளியே வந்து பார்த்தேன்.
ஏரியில் ஒரு விளக்குகூட இல்லை.